தொள்ளாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்சி

"அய்யய்யோ... எலும்பு! மனுச எலும்பு!"

அலறல் ஆலடிக் கண்மாயின் இந்தக் கரையில் கிளம்பி, அந்தக் கரையில் போய் முட்டியது.

கொக்குகள் பறந்தன.

ஆடுகள் சிதறின.

அலறிய குருவம்மாள் மட்டும் அசையவில்லை. மண் எடுத்த குழிக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கக் குனிந்தவள், குட்டியின் காலைப் பிடிப்பதாக நினைத்து வேறொரு காலைப் பிடித்திருந்தாள்.

ஆட்டுக்கு ஏது ஐந்து விரல்?

1995. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. வன்னியம்பட்டிப் பக்கம் காலை ஒன்பது மணி.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியன் இறங்கினார். பின்னாலேயே ஏட்டு பால்ச்சாமி. இருபத்தாறு வருட சர்வீஸ். தொப்பிக்கு ஓய்வு கொடுப்பார், வாய்க்குக் கொடுக்கமாட்டார்.

பால்ச்சாமி குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, ஆளு செத்து ரொம்ப நாளாச்சு."

"எப்படிய்யா சொல்றே?"

"ஒடம்புல கால் கிலோ கறி இல்லியே!"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். பால்ச்சாமி அவசரமாகக் குனிந்து மண்ணை விலக்கினார். மண்டை ஓடு வெளியே வந்தது.

உச்சியில் ஓர் ஓட்டை!

பென்சில் நுழையும் அளவுக்கு... சுத்தமான வட்டம்.

"ஆணியடிச்சுக் கொன்னிருக்கானுவ ஐயா!"

விலா எலும்புக்குப் பக்கத்தில் ஏதோ மின்னியது. எவர்சில்வர் டிபன் டப்பா. மூடியில் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டியிருந்தது.

மொக்கைச்சாமி.

"கொலையானவன் பேர் கெடச்சிருச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "கொன்னவன் பேர்?"

"அத நான் சொல்லுதேன்!"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. ஆவுடையப்பன்! இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். கண்மாயை ஒட்டி நீளமாக நின்ற தகர ஷெட் அவருடையதுதான். குழிக்கும் ஷெட்டுக்கும் நடுவே இருபதடி கூட இருக்காது.

"இந்த மொக்கைச்சாமி எங்கிட்ட வேல பாத்த பய சார். எம்பத்தொம்பது மாட்டுப் பொங்கலன்னைக்குக் கபடியில தகராறு. பட்டாளத்து ஐயாதுரையத் தள்ளிவிட்டு மண்டைய ஒடச்சுட்டான். அன்னையோட ஆளக் காணும்! அப்பன் ஆத்தா இல்லாத பய... யாரு தேடுவா?"

"அதுக்கும் இதுக்கும்?"

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்குச் சாயங்காலம் இதே எடத்துல ஐயாதுரை குழி வெட்டிக்கிட்டு இருந்தாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"ஆறரை வருசமா ஏன் சொல்லல?"

"பட்டாளத்துக்காரரு சார். பயம்!"

எலும்புக்கூடு ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஐயாதுரை லாக்கப்புக்குப் போனார்.

*

மத்தியானம் மூன்று மணி.

போனில் சேதி கேட்டு மதுரை பஸ்ஸில் வந்து இறங்கியவள், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். முதுகில் ஒரு நீளமான தகரக் குழாய் தொங்கியது.

கிருபாபாய். வயது இருபத்தேழு. மதுரையில் ஆராய்ச்சி மாணவி. ஐயாதுரையின் ஒரே மகள்.

லாக்கப் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"அப்பா... சாப்பிட்டியளா?"

"இட்லி தந்தாவ. சீனா பார்டர்ல கூட அம்புட்டுக் கெட்டியா நான் தின்னதில்ல."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னப்பா நடந்துச்சு?"

"ஏட்டி, அவன் என் மண்டைய ஒடச்சது நெசம். செத்த நேரம் மயங்கிக் கெடந்தேன். மூணு தையல். அதுக்காவ ஒருத்தனக் கொல்லுவனா? அடுத்த பொங்கலுக்குக் கபடியிலயே பாத்துக்கிடலாம்னு இருந்தேன்!"

"ஆவுடையப்பன் ஏன் பொய் சொல்லுதாரு?"

ஐயாதுரை கம்பிக்கு அருகே வந்தார்.

"வர்ற திங்கக்கிழம என்ன நாளு?"

அவளுக்குச் சுரீரென்றது!

ஆலடிக் கண்மாயை மண் கொட்டி மூடி ஆவுடையப்பன் ஷெட் போட்டுவிட்டார் என்று ஐயாதுரை மனுக் கொடுத்திருந்தார். நாலு வருடம் நடையாய் நடந்து, கடைசியில் கலெக்டர் விசாரணைக்கு எடுத்துக்கொண்ட நாள்... திங்கட்கிழமை.

மனுதாரர் கம்பிக்குள் இருந்தால் மனு குப்பைக்குள் போகும்!

கிருபாபாய் கண்ணைத் துடைத்தாள். நேரே இன்ஸ்பெக்டர் மேஜைக்கு வந்தாள்.

"சார், எங்க அப்பா அந்த எடத்துல குழி வெட்டல. வெட்டவும் ஏலாது."

"ஏன்?"

"அந்த எடம் அன்னைக்குத் தண்ணிக்குள்ள கெடந்துச்சு."

இன்ஸ்பெக்டர் சலிப்போடு நாற்காலியில் சாய்ந்தார்.

"நானும் அதத்தாம்மா ஊர்ல விசாரிச்சேன். ஏழு பேரக் கேட்டேன். பழைய கரை எதுன்னு ஏழு பேரும் ஏழு எடத்தக் காட்டுறாங்க. மீதி ஆளுங்க ஆவுடையப்பன் பேரச் சொன்னதும் வாயையே தொறக்கல. எவன் சாட்சி சொல்லுவான்?"

"ஒருத்தர் இருக்காரு சார். ஆவுடையப்பனுக்குப் பயப்படமாட்டாரு. எதையும் மறக்கமாட்டாரு."

"யாரு? எந்த ஊரு?"

கிருபாபாய் விரலை மேலே நீட்டினாள்.

பால்ச்சாமி கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கர்த்தரா?"

"சாட்டிலைட்!"

தகரக் குழாயைத் திறந்தாள். திங்கட்கிழமை விசாரணைக்காகச் சுருட்டி வைத்திருந்த பெரிய படங்கள் மேஜையில் விரிந்தன. எங்கு பார்த்தாலும் சிவப்பு. நடுநடுவே கறுப்புத் திட்டுகள்.

"என்னம்மா இது? ரசத்துக்குத் தக்காளி கரைச்ச மாதிரி இருக்கு?" என்றார் பால்ச்சாமி.

"தொள்ளாயிரம் கிலோமீட்டர் உசரத்துலருந்து நம்ம சாட்டிலைட் எடுத்த படம் ஏட்டையா. பயிர் செவப்பாத் தெரியும். தண்ணி கறுப்பாத் தெரியும். தண்ணி எங்க முடியுதோ அதுதான் கரை. வருசா வருசம் அந்தக் கரை எங்கிட்டு நகருதுன்னு கோடு போட்டுப் பாக்கதுதான் என் ஆராய்ச்சி. தூத்துக்குடியில கடக்கரைக்குப் பண்ணுவாவ. நான் நம்ம பக்கத்துக் கண்மாய்க்குப் பண்ணுதேன்."

ஒரு படத்தில் விரலை வைத்தாள். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கறுப்பு.

"ஆலடிக் கண்மாய். தேதியப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஜனவரி 5, 1989.

"மாட்டுப் பொங்கல் பதினஞ்சாம் தேதில்ல?"

"அதான் அடுத்த படம்." இன்னொன்றை விரித்தாள். ஜனவரி 27. "இருவத்திரெண்டு நாளைக்கு ஒருக்க இதே எடத்துக்கு மேல வரும். மாட்டுப் பொங்கலுக்கு முன்னாடியும் அங்க தண்ணி. பொறவும் தண்ணி. நடுவுல கண்மாய் வத்தி, குழி வெட்டி, திரும்ப நெறஞ்சிருக்கணுமா சார்?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ அவர் மக. அப்பாவுக்காவ நீயே படம் தயார் பண்ணிட்டேன்னு கோர்ட்ல கேப்பான்."

"இது நகல்தான் சார். அசல் ஐதராபாத்து சாட்டிலைட் ஆபீஸ்ல இருக்கு. நம்பரும் தேதியும் தாரேன். நீங்களே போன் போட்டுக் கேளுங்க."

எஸ்.டி.டி. போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. இங்கிலீஷில் பேசினார். "எஸ்... எஸ்... ஓ!" என்றார். ரிசீவரை வைத்தார்.

"ஐயா, என்ன சொன்னாவ?" என்றார் பால்ச்சாமி.

"பொண்ணு சொல்றது சரியாம். ஆனா ஒண்ணு... எலும்பு கெடந்த எடமும் படத்துல இவ விரல் வச்ச எடமும் ஒண்ணுதானான்னு பாக்கணும்."

"நானும் அதத்தான் கேக்கப்போறேன் சார்" என்றாள் கிருபாபாய். "படம் சொல்லுதத எப்பவும் தரையில போய்ச் சரிபாக்கணும். நாளைக்குக் காலைல டேப்பு எடுத்துட்டு வாங்க. ஆவுடையப்பனையும் கூப்புடுங்க."

"அவரு எதுக்கு?"

"அவிய வாயாலேயே ஒண்ணு கேக்கணும்."

*

சனிக்கிழமை காலை எட்டு மணி.

கண்மாய்க் கரை முழங்கை மாதிரி வளையும் இடத்தில் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கிருபாபாய் நின்றாள். அந்த வளைவு படத்திலும் இருந்தது. தரையிலும் இருந்தது. இன்னொரு நுனியை இழுத்துக்கொண்டு பால்ச்சாமி கருவேல முள்ளுக்குள் ஓடினார்.

"எட்டாவது டேப்பு ஐயா! பேண்ட்டு கிழிஞ்சது ரெண்டு எடம்... அதையும் அளந்து எழுதிக்கோங்க!"

அளந்து முடித்துக் கிருபாபாய் படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். படத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் காரில் வந்து இறங்கினார். அதே வெள்ளை. அதே சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் பவ்யமாகவே கேட்டார்.

"சாட்சி ஸ்டேட்மெண்ட்ல சின்னச் சின்ன விவரம் வேணும். அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"இந்தா... இங்கன."

"ஐயாதுரை?"

"அந்தா... அந்தக் குழிக்குள்ள."

"தரை எப்படி இருந்துச்சு? ஈரமா?"

"காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு சார்! மம்பட்டி எறங்க மாட்டேன்னுச்சு. அவருக்கு மூச்சு வாங்குச்சு!"

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சாமி சத்தியமா!"

பால்ச்சாமி அதை அப்படியே எழுதினார். ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார்.

மை காயும் வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அப்புறம் கிருபாபாயைப் பார்த்துத் தலையசைத்தார்.

படம் ஜீப் பானெட்டில் விரிந்தது.

கறுப்புக்கு நடுவே சிவப்புப் பொட்டு!

"ஒரு புள்ளின்னா தரையில முப்பத்தாறு மீட்டர்" என்றாள் கிருபாபாய். "நீங்க காட்டுன எடம் தண்ணிக்குள்ள ஏழு புள்ளி தள்ளி இருக்கு. அன்னைக்குக் கரை எங்க இருந்துச்சுன்னா... அந்தா, அந்தப் பனமரம் தெரியுதுல்ல? அங்க!"

ஆவுடையப்பன் பனைமரத்தைப் பார்த்தார். அது அவர் ஷெட்டையும் தாண்டி நின்றது.

"ஐயாதுரை முங்கு நீச்சல் போட்டுக்கிட்டே குழி வெட்டினாராக்கும்?" என்றார் பால்ச்சாமி. "நீங்க அவர மீனு மேல ஏறி நின்னு பாத்தியளோ?"

"இ... இல்ல சார். மாசம் மாறிப்போச்சு. அது சித்திர மாசம்!"

"மொக்கைச்சாமி காணாமப் போனது பொங்கலுக்கு. சித்திரை வரைக்கும் பொணம் எங்க இருந்துச்சு? சொந்தக்காரங்க வீட்டுல விருந்தா?"

இன்ஸ்பெக்டரின் குரலில் பவ்யம் போய்விட்டது.

கிருபாபாய் மெல்லிய தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் ஒரு கோடு.

"பச்சை எழுவத்திமூணு, அமெரிக்கா சாட்டிலைட் எடுத்தது. நீலம் எம்பத்தொம்பது. ரெண்டும் நெளிஞ்சு நெளிஞ்சு போகுது பாருங்க சார். தண்ணி தானா ஏறி எறங்குனா அப்படித்தான் இருக்கும். இந்தச் செவப்பு... தொண்ணூத்தொண்ணு. இந்தப் பக்கம் மட்டும் கோடு நேரா ஓடுது. எந்த மழையும் ஸ்கேல் வச்சுக் கோடு போடாது."

"தொண்ணூத்தொண்ணுலதான் ஷெட்டு கட்டுனாரு!" என்றார் பால்ச்சாமி.

"குழிய இன்னும் ரெண்டடி தோண்டச் சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

தோண்டினார்கள்.

மேலே செம்மண். எலும்பு கிடந்த இடத்துக்குக் கீழேயும் செம்மண். இன்னும் இரண்டடி போனதும் மம்பட்டியில் கறுப்பாக அப்பியது. நத்தை ஓடும் மீன் முள்ளுமாகக் கண்மாய்க் கரிசல்!

"செம்மண் லாரியில வந்தது" என்றாள் கிருபாபாய். "தொண்ணூத்தொண்ணுல கொட்டுன மண்ணுக்குள்ள எம்பத்தொம்பதுல எப்படிப் பொதைக்க முடியும்?"

அந்த நேரத்தில்தான்...

'டுர்ர்ர்...' என்று ஒரு மொபெட் கரை மேல் ஏறியது.

டாக்டர் ஞானபாக்கியம்! அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர். முன்னால் ஒரு ஒயர் கூடை. கூடைக்குள்ளிருந்து மண்டை ஓடு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர்! இவரு கொலையாகல!"

"உச்சந்தலையில ஓட்டை இருக்கே டாக்டர்?"

"கொக்கி மாட்டுன ஓட்டை! மண்ணக் கழுவினேன்... உள்ள வார்னிஷ். முதுகெலும்புல கம்பி போன தடம். தாடையில ஸ்ப்ரிங் மாட்டுன துளை. இவரு ஏதோ காலேஜ்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள தொங்கின ஆளு. செத்த பொறவு இருபது வருசம் பசங்களுக்குப் பாடம் நடத்தியிருக்காரு!"

"அட, நம்மள மாதிரி கவர்மெண்ட் ஊழியரா!" என்றார் பால்ச்சாமி.

எல்லாரும் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்கள்.

வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டுடோரியல் காலேஜ் ஒண்ணு மூடுனாவ... ஏலத்துல பெஞ்சு எடுக்கப் போனேன்... கூட இதையும் தள்ளிவிட்டாவ..."

"டிபன் டப்பா?"

"அந்தப் பய ஓடுன அன்னைக்கு என் கடையில விட்டுட்டுப் போனது. போன மாசம் பொதச்சேன்... சார், யாரையும் நான் கொல்லல சார்!"

"ஆமா. செத்தவரையே திரும்பக் கொன்னிருக்கீங்க. ஏறுங்க ஜீப்புல!"

*

சனிக்கிழமை மத்தியானமே ஐயாதுரை வெளியே வந்தார். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

"அஞ்சு வருசமா அந்தத் தக்காளிப் படத்த வச்சுக்கிட்டு என்னட்டி பண்ணுதேன்னு உன்னத் திட்டினேன்."

"இப்ப?"

"இப்பவும் ஒண்ணும் வெளங்கல. ஆனா திட்டமாட்டேன்."

கிருபாபாய் சிரித்தாள். அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சம் அழவும் செய்தாள்.

திங்கட்கிழமை விசாரணையில் அதே மூணு கோடுகள் மேஜை மேல் கிடந்தன. கலெக்டர் பத்து நிமிடம் பார்த்தார். ஷெட்டை எடுத்துவிட்டுக் கண்மாயைப் பழைய அளவுக்குத் தோண்ட உத்தரவு போட்டார்.

ஆனால், இன்ஸ்பெக்டர் சௌந்தரபாண்டியனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

எலும்பு மொக்கைச்சாமியுடையது இல்லை.

அப்படியானால்... மொக்கைச்சாமி எங்கே?

செவ்வாய்க்கிழமை. ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் ஊர் பிதுங்கியது. ஐயாதுரை சில காகிதங்களில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உள்ளே பெஞ்சில் மகளோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு நிழல் தயங்கியது.

முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மீசை. பின்னால் மூக்குத்தி போட்ட ஒரு பெண். இடுப்பில் ஒரு குழந்தை.

"ஐயா... நான் சரணடைய வந்திருக்கேன்."

பால்ச்சாமி பேனாவை எடுத்தார். "திருட்டா?"

"கொலை!"

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"யாரக் கொன்னே?"

"ஆறரை வருசம் ஆச்சுய்யா. கபடியில கோவத்துல தள்ளிவிட்டேன். கல்லுல மண்ட மோதி ரத்தமாக் கெடந்தாரு. அசைவே இல்ல. கெடச்ச ரயிலப் புடிச்சேன். குண்டூர்ல பஞ்சு மில்லுல சேந்து, அங்கேயே கல்யாணமும் ஆயிப்போச்சு. ஆனா ராத்திரி கண்ண மூடுனா அவரு முகந்தான். தேருக்குப் போவோம், சாமியக் கும்புட்டுட்டு உண்மையச் சொல்லிருங்கன்னு இவதான் இழுத்துட்டு வந்தா."

"உன் பேரு?"

"மொக்கைச்சாமிங்கய்யா."

இன்ஸ்பெக்டர் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார்.

"கொன்னது... யாரை?"

"பட்டாளத்து ஐயாதுரை அண்ணன!"

உள்ளே டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

மொக்கைச்சாமி திரும்பினான். பார்த்தான். கண்கள் வெளியே தள்ளின.

"அ... அண்ணே! நீங்க செத்துட்டியளே!"

"ஏலே! செத்தது நீதாம்லே!" ஐயாதுரை துள்ளி எழுந்தார். "உன்னக் கொன்னதுக்கு நான் ஒரு நா முழுக்க உள்ள கெடந்தேன்!"

"என்ன எதுக்குண்ணே கொன்னிய?"

"நீ என்ன எதுக்குலே கொன்னே?"

மூக்குத்திப் பெண் மிரண்டு புருஷனின் சட்டையைப் பிடித்து, இவர் யாரென்று தெலுங்கில் கேட்டாள். "ஏமண்டி... ஈயன எவரு?"

"நான் கொன்ன அண்ணன்!" என்றான் மொக்கைச்சாமி. சொல்லிவிட்டு ஐயாதுரையின் காலில் விழுந்தான். ஆறரை வருட அழுகை ஒரே மூச்சில் வந்தது. ஐயாதுரை அவனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்து, அப்படியே கட்டிக்கொண்டார். கிருபாபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை மட்டும் விவரமாக அழுதது.

பால்ச்சாமி கேஸ் கட்டை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா... கொன்னவன் கொல்லல. செத்தவன் சாகல. ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்து இன்னொரு டீ கேக்கானுவ. இதுல 'காலஞ்சென்ற'ன்னு நான் யாரப் போட்டு எழுத?"

சௌந்தரபாண்டியன் பேனாவைத் திறந்தார்.

"காலஞ்சென்றது இந்தக் கேஸ்தான்யா! சீக்கிரம் எடுத்துட்டுப் போ... அஞ்சு நாளா நாறுது!"